ஓணானுக்கு வெயில்

என் கணவர் அந்த ஓணானை ஒரு வாழைப்பழப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். ஒக்டோபர் மாதம், சனிக்கிழமை பகல். தொண்ணூறுகளின் பின்பாதி. நாங்கள் மல்வேர்னில் ஒரு வாடகைக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். அவர் நெடுந்தூர ட்ரக் ஓட்டினார். போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள். கல்கரி, வான்கூவர் என்று போய்விட்டு வருவார், இரண்டு நாள் நித்திரை கொள்வார், மறுபடி போவார்.

பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். மணல் நிறம், முக்கோணத் தலை, தாடைக்குக் கீழே வரிசையாக முள். வாலோடு சேர்த்து ஒன்றரைச் சாண் இருக்கும். நான் இரண்டடி பின்னால் போனேன்.

"என்ன இது?"

"ஓணான். தாடி ஓணான் எண்டு சொல்லுறாங்கள். எங்கட ட்ரக் யார்டில ஒருத்தன் வீடு மாறுறான், இதை வைச்சிருக்க ஏலாதாம். நீர் தனிய இருக்கிறீர் எண்டு கேட்டு வாங்கினனான்."

"எனக்கு ஓணானோ துணை?"

அவர் கண்ணாடித் தொட்டியை எடுத்துவரக் கீழே போய்விட்டார்.

அந்த வருடம் மார்ச் மாதம் எனக்கு நாலு மாதக் கரு கலைந்திருந்தது. அவர் அப்போது வினிபெக்குக்கு அப்பால் எங்கோ பனிப்புயலில் அகப்பட்டு நின்றார். மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார். வந்தவர் கட்டிலின் விளிம்பில் இருந்து, "சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. நான் மார்க்கம் என்ற பக்கத்து நகரில் கொம்பியூட்டர் பாகங்கள் பொருத்தும் இடமொன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். மார்ச்சுக்குப் பிறகு அங்கே போகவில்லை. போகாமல் விட்டதற்கும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏழு மாதம் கழித்து வாழைப்பழப் பெட்டி வந்தது. இவை ஒன்றோடொன்று சேர்ந்த விஷயங்கள் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அதையும் நாங்கள் பேசவில்லை.

அடுத்த நாள் விடிய அவர் போய்விட்டார். யார்டில் அந்த ஆள் சொன்ன பராமரிப்பு எல்லாம் மூன்று வரிதான்: இலை போடு, பூச்சி போடு, பல்ப் போடு. தொட்டியின் விளிம்பில் கவ்வி நிற்கும் பல்ப் ஒன்று இருந்தது. அதைப் போட்டால் ஓணான் அதன் கீழே போய்க் கண்ணை மூடிக்கொண்டு படுத்துக்கிடக்கும். இலைக்கு நான் லெட்டூஸ் வாங்கினேன். பூச்சிக்கு, பஸ் எடுத்துப் போனால் ஒரு செல்லப்பிராணிக் கடை இருந்தது. அந்தப் பூச்சிக்கு ஆங்கிலத்தில் கிரிக்கெட் என்று பெயர் என்று அங்கேதான் அறிந்தேன். சில்வண்டு மாதிரி ஒன்று. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம் "கிரிக்கெட் இருக்கிறதா?" என்று கேட்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அந்தப் பெண்ணுக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து அந்தப் பகிடியைச் சொல்லவும் ஆளில்லை.

முதல் கிழமை முழுவதும் தொட்டிக்கு ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் துணியை எடுத்துவிட்டு இலை போட்டபோது அது தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. ஒரு முன்காலைத் தூக்கி மெதுவாக ஒரு வட்டம் சுற்றிக் கீழே வைத்தது. கை காட்டுவது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை. நானும் கை காட்டினேன்.

அன்றிலிருந்து துணி போடவில்லை. தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் வந்து இருப்பேன். சமைப்பது என்ன, கீழே எந்தக் கார் பனியில் புதைந்து நிற்கிறது, தொலைபேசியில் அம்மா என்ன சொன்னா என்றெல்லாம் அதற்குச் சொல்வேன். சத்தமாகச் சொல்ல மாட்டேன், வாய்க்குள்தான். அது கேட்டதோ இல்லையோ, கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

டிசம்பர் கடைசியில் அதன் பின்கால் ஒன்று நடுங்கத் தொடங்கியது. குளிராக இருக்கும் என்று பல்பைக் கிட்ட வைத்தேன். பிறகு, வெயில் காணாததால்தான் என்று நினைத்து, தொட்டியை இழுத்துக்கொண்டுபோய்ப் பல்கனிக் கண்ணாடிக் கதவோடு வைத்தேன். மத்தியானத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் அங்கே வெயில் விழும். வெளியே பனி, உள்ளே வெயில், அதற்குள் ஓணான் படுத்துக்கிடக்கும். நான் சரியாகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நிறைவாக இருந்தது. ஆனால் இரண்டு கிழமையில் அது வயிற்றை நிலத்திலிருந்து தூக்க முடியாமல் இழுபட்டு நகர்ந்தது. பூச்சியைக் கண்டு நாக்கை நீட்டும், பூச்சி அதன் மூக்குக்கு முன்னாலேயே நடந்து போகும்.

அவர் சஸ்காச்சுவானில் ஒரு ட்ரக் தரிப்பிடத்திலிருந்து பின்னேரம் போன் எடுத்தார்.

"இஞ்சாருங்கோ, ஓணானுக்குச் சுகமில்லை. எழும்ப ஏலாமல் கிடக்குது."

"சாப்பிடுதோ?"

"வாயைத் திறக்குது. பிடிக்க ஏலாமல் இருக்கு."

அந்தப் பக்கத்தில் எஞ்சின்கள் இரைந்தன. அவர் பிறகு சொன்னார்:

"இதையெண்டாலும் வடிவாப் பாரும்."

நான் போனை வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. பிறகும் ஒருமுறை அடித்து நின்றது. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. களைத்துப்போன ஒரு மனிதரின் வாயிலிருந்து வழுக்கி விழுந்த சொல். ஆனால், நான் கவனமாகப் பார்க்காததால்தான் போயிற்று என்று பத்து மாதமாக எனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தான். அதை இன்னொருவர் வாயால் கேட்ட பிறகு, குசினித் தரையில், அடுப்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் இடையில் இருந்த அந்தச் சிறிய இடத்தில், நெடுநேரம் இருந்தேன்.

மறுநாள் காலை தொலைபேசிப் புத்தகத்தை எடுத்து மிருக வைத்தியர்களைத் தேடினேன். ஐந்து இடத்தில் நாய், பூனை மட்டும்தான் என்றார்கள். ஆறாவது இடத்தில், வியாழக்கிழமைகளில் ஊர்வன பார்க்கிற வைத்தியர் ஒருவர் வருவார் என்றார்கள். அன்று வியாழக்கிழமை. இரண்டு பஸ் எடுக்க வேண்டும்.

பிக்னிக் போகும்போது கொண்டுபோகிற குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது. கண்ணாடிப் போத்தலில் சுடுதண்ணி ஊற்றி, துவாயால் சுற்றி அதற்குள் வைத்து, பக்கத்தில் ஓணானை வைத்தேன். அதைக் கையால் தூக்கியது அதுதான் முதல் தடவை. ஒரு பாரமும் இல்லை. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்த தமிழ் அங்கிள் ஒருவர் பெட்டியைப் பார்த்தார்.

"சாப்பாட்டு ஓடர் எடுக்கிறனீங்களோ பிள்ளை?"

"இல்லை அங்கிள். உள்ளுக்கு ஓணான்."

அவர் தனது தரிப்பிடம் வரும்வரை வேறு ஒன்றும் கேட்கவில்லை. இறங்கும்போது மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

வைத்தியர் ஐம்பது வயதிருக்கும் வெள்ளைக்காரப் பெண். மெதுவாகப் பேசினார். ஓணானின் கீழ்த்தாடையை விரலால் அழுத்திக் காட்டினார். அது ரப்பர் போல வளைந்து கொடுத்தது. பிறகு எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் புகை போலத்தான் ஏதோ தெரிந்தது.

"என்ன சாப்பாடு கொடுத்தீர்கள்?"

"லெட்டூஸ். பூச்சி."

"பூச்சிக்கு ஏதாவது தூள் பிரட்டிக் கொடுத்தீர்களா?"

"தூளா?"

"என்ன விளக்கு?"

பல்பைச் சொன்னேன். வெயில் படட்டும் என்று பல்கனிக் கண்ணாடியோடு வைத்ததையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது, ஒன்றையாவது சரியாகச் செய்திருக்கிறேன் என்ற எண்ணம்தான். அவர் தலையை ஆட்டினார். ஒரு கடுதாசியை எடுத்துச் சூரியனை வரைந்தார், அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ஓணான். அந்தக் கோடுதான் கண்ணாடி. வெளிச்சமும் சூடும் கண்ணாடியைக் கடந்து வரும், ஆனால் இந்தப் பிராணிக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி மறித்துவிடும் என்றார். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் அதன் உடம்பில் விற்றமின் டி உண்டாகும். அது இல்லாவிட்டால் தின்கிற கல்சியம் உடம்பில் சேராது. சேராதபோது உடம்பு எங்கேயிருந்தாவது எடுக்கும்.

"எங்கேயிருந்து?" என்று கேட்டேன்.

"அதனுடைய எலும்பிலிருந்து."

நான் அழத் தொடங்கிவிட்டேன். அவர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, "இது உங்கள் பிழை இல்லை. யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை" என்றார். மார்ச் மாதத்திலும் ஒரு டொக்டர், என் பிழை இல்லை என்றுதான் சொன்னார். அன்றைக்கு நான் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை. ஆனால் இந்த முறை, செய்வதற்கு ஒரு பட்டியல் கையில் கிடைத்தது.

புறப்படும் முன், அது எனக்குக் கை காட்டுவதைப் பற்றிக் கேட்டேன். அது வணக்கம் இல்லை என்றார் வைத்தியர். சிறியது பெரியதைக் கண்டால் அப்படிச் செய்யுமாம். நான் சின்ன ஆள், என்னை ஒன்றும் செய்துவிடாதே என்று அர்த்தமாம். மூன்று மாதமாக அது என்னைக் கண்டு பயந்துகொண்டிருந்திருக்கிறது. நான் அதற்குப் பதிலுக்குப் பதில் கை காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். சூட்டுக்குப் பல்ப் ஒரு மூலையில். தொட்டியின் நீளத்துக்குப் புற ஊதாக் குழல் விளக்கு. அதற்கும் ஓணானுக்கும் நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது, இடைவெளி ஒரு சாணைவிடக் கூடவும் கூடாது. நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வெளிச்சம், பிறகு இருட்டு. காலையும் மாலையும் கல்சியத் தண்ணீர் மருந்து, துளிக்குழாயால். பூச்சிக்குக் கல்சியத் தூள். மற்ற விற்றமின் தூள் கிழமைக்கு ஒருமுறைதான், கூடினாலும் கூடாது. லெட்டூஸ் வேண்டாம், கடும் பச்சை இலை.

தூள் பிரட்டுவது மட்டும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மீன் துண்டுக்கு மிளகாய்த்தூள் பிரட்டுகிற மாதிரித்தான். பிளாஸ்டிக் பையில் ஒரு சிட்டிகை தூளைப் போட்டு, பூச்சிகளை விட்டு, பையின் வாயைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குலுக்குவேன். மா பூசிக்கொண்டு வெள்ளைவெளேர் என்று வரும். மருந்துக்குத்தான் கஷ்டப்பட்டேன். தாடை மென்மையாக இருந்ததால் வாயைப் பலமாகத் திறக்கக் கூடாது. மூக்கின் ஓரத்தில் ஒரு துளி விட்டால் அது நக்கும். நக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு துளிக்கு ஐந்து நிமிடம், அடுத்த துளிக்கு இன்னொரு ஐந்து. மார்ச்சுக்குப் பிறகு நான் நேரத்துக்கு எழும்பத் தொடங்கியது அந்த நாட்களில்தான்.

தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, இரண்டு அகப்பைக் காம்பைக் குறுக்கே வைத்து அதன்மேல் குழல் விளக்கைக் கிடத்தியிருந்தேன். மூடி இல்லாததால் பூச்சிகள் பாய்ந்து வெளியே போய்விட்டன. ஒன்று சோபாவுக்குப் பின்னால், ஒன்று ஹீட்டருக்குள், மற்றவை எங்கே என்று தெரியாது. எல்லாம் சேர்ந்து கத்தின. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அன்ரி கதவைத் தட்டினா. மன்னார்ப் பக்கத்து அன்ரி, மகன் வேலைக்குப் போனால் பகல் முழுக்கத் தனியே இருப்பவ. மின்தூக்கியில் கண்டால் சிரிப்போம், அவ்வளவுதான்.

"பிள்ளை, உங்கட வீட்டுக்குள்ள என்ன சத்தம்? சுவருக்கால கேக்குது."

உள்ளே கூட்டிவந்து காட்டினேன். அவ நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டா. பிறகு குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பட்டியலைச் சுட்டிக்காட்டி என்னவென்று கேட்டா. சொன்னேன்.

"எனக்கும் உந்தக் கல்சியம் தானே டொக்டர் தந்தவர். காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. உதுக்கும் அதேயோ?"

"ஓம் அன்ரி. உங்களுக்குக் குளிசை, இதுக்குத் தூள்."

"பாவம்" என்றா. யாருக்குச் சொன்னா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு கிழமையில் இரண்டு மூன்று நாள் வந்து தொட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பா. தனக்கு வாங்குகிற கடுகுக் கீரையில் நாலு இலை கொண்டுவருவா. நாங்கள் அதிகம் கதைப்பதில்லை. ஒரு நாள் மட்டும், "பிள்ளை, மார்ச் மாதம் உங்களுக்குச் சுகமில்லாமல் போனது எனக்குத் தெரியும். வந்து என்னத்தைச் சொல்லுறது எண்டு தெரியாமல் வராமல் இருந்திட்டன்" என்றா. நான் பரவாயில்லை என்றேன். உண்மையில் எனக்குப் பரவாயில்லை என்று இருக்கவில்லை. ஆனால் அவ சொன்னது நல்லதாகப் போயிற்று.

அவர் திரும்பி வந்தபோது நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு மருந்துக் குழாயோடு தொட்டிக்கு முன்னால் போய் இருந்துவிட்டேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கோப்பையைக் கழுவினார். பட்டியலின் முன்னால் நின்று கடைசி வரிவரை வாசித்தார். பிறகு வந்து பக்கத்தில் நின்று, அகப்பைக் காம்புகளையும் விளக்கையும் பார்த்தார். கீழே போனார். ட்ரக்கிலிருந்து கருவிப் பெட்டியும் எங்கோ வாங்கிய கம்பிவலையும் கொண்டுவந்து, அன்று பின்னேரம் முழுக்கத் தரையில் குந்தியிருந்து மூடிக்கு ஒரு சட்டம் செய்தார். விளக்கைத் தாங்க இரண்டு பக்கமும் கம்பிக் கொழுவிகள் வைத்தார். முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "இனிப் பூச்சி வெளியில வராது" என்றார்.

அவ்வளவுதான். போனில் சொன்னதைப் பற்றி ஒன்றும் இல்லை. நான் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விடிய அவர் போய்விட்டார்.

ஏப்ரலில் ஓணான் வயிற்றைத் தூக்கி நடந்தது. தாடை இறுகியது, ஆனால் கொஞ்சம் கோணலாக இறுகியது. வலது பின்காலும் வளைந்தபடியே நின்றுவிட்டது. வளைந்தது நிமிராது என்று வைத்தியர் முதலே சொல்லியிருந்தார். ஜூனில் பல்கனியில் துவாய் விரித்து அதை உண்மையான வெயிலில் விட்டபோது, பத்து நிமிடத்தில் அதன் நிறம் மாறியது. மணல் நிறம் போய் மஞ்சளும் செம்மஞ்சளுமாக ஒரு நிறம். இப்படி ஒரு நிறம் அதற்குள் இருந்தது என்று எனக்கு அதுவரை தெரியாது. அதைச் சொல்ல உடனே உள்ளே போய்ப் போனை எடுத்தேன். எடுத்த பிறகுதான், அவர் எந்த ரோட்டில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது என்ற நினைவு வந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் அதன் கால் மறுபடி நடுங்கியது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, தூளும் தவறவில்லை. பயந்துபோய் வைத்தியருக்குப் போன் எடுத்தேன். குழல் எப்போது வாங்கியது என்று கேட்டார். ஜனவரி என்றேன். ஆறு மாதத்தில் அந்தக் கதிர் தீர்ந்துவிடும், வெளிச்சம் மட்டும் முன்பு போலவே வந்துகொண்டிருக்கும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்றார். மாதங்களாக நான் வெறும் வெளிச்சத்தை அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றே புதுக் குழல் வாங்கி, நாள்காட்டியில் அடுத்த மாற்றத்துக்கு வட்டம் போட்டேன். வைத்தியர் பழைய மருந்தையே இன்னும் ஒரு மாதம் கொடுக்கச் சொன்னார். இந்த முறை விரைவாகத் தேறியது.

அதற்கு அடுத்த வருடம் அவர் நெடுந்தூர ஓட்டத்தை விட்டுவிட்டு, ஒஷாவாவுக்குக் கார்ப் பாகங்கள் ஏற்றி இறக்கும் வேலை எடுத்தார். இடுப்பு, நாரி எல்லாம் நோகிறது என்றார். நானும் மார்க்கத்தில் பழைய இடத்துக்கே வேலைக்குத் திரும்பியிருந்தேன். இருவரும் ஐந்தரைக்குள் வீடு வந்துவிடுவோம். இனித் தனிமை இருக்காது என்று நான் நினைத்தேன். ஆனால் அது அப்படி இருக்கவில்லை. இரண்டு நாள் வந்து போனவரோடு வாழப் பழகிய எனக்கு, நாள்தோறும் வருகிறவரோடு என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவருக்கும் அப்படித்தான். ஒருவர் ரி.வி. பார்க்க, மற்றவர் சமைக்க, "உப்புக் காணுமோ?", "காணும்" என்று ஒரு பின்னேரம் முடிந்துவிடும். அவர் வெளியே இருந்த நாட்களில் அவருக்காகக் காத்திருந்தேன். இப்போது காத்திருக்கவும் யாரும் இல்லை என்பது போல இருந்தது.

ஓணானுக்குச் சாப்பாடு கொடுப்பதை அவர் தானாகவே எடுத்துக்கொண்டார். ஒரு நாள் நான் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, பூச்சிப் பையைக் குலுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அண்டைக்கு நீர் ஆஸ்பத்திரிக்குப் போகேக்கை ஆர் கூட வந்தது?"

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

"ஒருத்தரும் இல்லை. டக்ஸி பிடிச்சனான்."

"திரும்பி வரேக்கை?"

"பஸ்."

"பஸ்ஸோ?"

"கூட்டிக்கொண்டு போக ஆள் இருக்கோ எண்டு நேர்ஸ் கேட்டவ. அவர் கீழ காருக்குள்ள நிக்கிறார் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

"இருக்க இடம் கிடைச்சதோ?"

"முதல் பஸ்ஸில இல்லை. நிண்டுதான் வந்தனான்."

பை அவர் கையில் அசையாமல் நின்றது. பிறகு அவர் கம்பிவலை மூடியைத் திறந்து பூச்சிகளை உள்ளே விட்டு, மூடியைச் சரியாகப் பொருத்தினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, எனக்கு எதிரே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"போனில அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

"ஓம்" என்றேன்.

அன்று பேசியதால் எல்லாம் மாறிவிட்டது என்று எழுத முடியாது. அடுத்த நாளும் உப்புக் காணுமோ என்றுதான் தொடங்கியது. எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஓணான் கோணல் தாடையோடு இன்னும் சில வருடம் இருந்தது. ஆனால் அந்தப் பின்னேரம், வெண்டிக்காயைப் பாதியில் விட்டுவிட்டு, அன்றைய நாளை டக்ஸிக்காரன் போட்டிருந்த பாட்டுக் கசற்றிலிருந்து ஒவ்வொன்றாக நான் அவருக்குச் சொன்னேன். அவர் இடையில் பேசாமல், நித்திரையாகாமல், கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.